பரணில் கிடந்த மில் ஒயர்

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள், தம்பி. எனக்குச் சாரல் ஆகாது. பொள்ளாச்சி வரைக்கும்தானே? நானும் அங்கேதான், மகள் வீட்டுக்கு. இன்றைக்கு அங்கே ஒரு திறப்பு விழா. திறந்து வைப்பவன் நான். சிரிக்காதீர்கள், நோட்டீஸ் இருக்கிறது, இதோ பாருங்கள். 'வெண்மணி தையலகம். திறப்பாளர்: தோழர் மருதாசலம், மில் தொழிலாளர் சங்க முன்னாள் துணைச் செயலாளர்.' இந்த வரி நான் எழுதியது. மாப்பிள்ளை வீட்டில் எழுதி அனுப்பியதில் என் பெயருக்கு மேலே பிள்ளையார் படமும், கீழே 'மற்றும் உற்றார் உறவினர்' என்றும் இருந்தது. பிள்ளையாரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உற்றார் உறவினரை அடித்துவிட்டேன்.

மணி என்ன? ஒன்பது ஐந்தா? குறிச்சியே இன்னும் தாண்டவில்லை. பத்தேகாலுக்குள் ஷட்டரைத் தூக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா நாள்காட்டியைப் பார்த்து நேரம் குறித்திருக்கிறார். நல்ல நேரமாம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஷட்டரைத் தூக்குவது நான்தான் என்று மகள் சொல்லிவிட்டாள். அதில் எனக்கு நம்பிக்கை உண்டு.

நான் பேசுவது புத்தகம் படிப்பதுபோல இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். என் பள்ளிக்கூடம் நோட்டீஸ்தான். பதினெட்டு வயதில் மில் கேட்டில் ஒருவர் கையில் திணித்த நோட்டீசை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இருபத்தைந்து வயதில் நானே எழுத ஆரம்பித்தேன். சிங்காநல்லூரிலிருந்து பீளமேடு வரைக்கும் என் நோட்டீசை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளாத தொழிலாளி கிடையாது. இந்த வருடம் மே தினத்துக்கு அச்சடித்த நோட்டீசில் என் பெயர் எட்டாவது. எனக்கு முன்னால் இருக்கிற ஏழு பேரில் நாலு பேர் பஞ்சைக் கையால் தொட்டதில்லை. நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவனும் கேட்கவில்லை. அது கிடக்கட்டும்.

ஷெட்டைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

என் மகள் வெண்மணிக்குத் தையல் தெரியும். அவளும் அந்தப் பகுதிப் பெண்கள் ஐந்து பேரும் சேர்ந்து ஆறு மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பது என்று முடிவு செய்தார்கள். இடம் எங்கே? வீட்டோடு ஒட்டி ஒரு கார் ஷெட் இருக்கிறது. இரும்புத் தூண், அதன் மேல் குறுக்கே இரும்பு ஆங்கிள், மேலே தகரம், முன்னால் இரும்பு ஷட்டர். காரை வேப்பமரத்தடிக்கு நகர்த்திவிட்டு ஷெட்டை எடுத்துக்கொண்டாள். உள்ளே ஒரே ஒரு குண்டு பல்பு. அந்த வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோர்க்க முடியுமா? மேலே நாலு எல்.இ.டி. பட்டி மாட்ட வேண்டும். மாப்பிள்ளை ஒரு ஆளைச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். வெண்மணிதான் சொன்னாள்: "அப்பா இருக்கறப்ப ஆளெதுக்குங்க?"

அந்த ஒரு வார்த்தைக்காகச் சித்திரை வெயிலில் ஏணி ஏறினேன். எழுபத்தோரு வயதில்.

உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. அவள் பிறந்தபோது நான் சிறையில் இருந்தேன். அவள் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனபோது கேட்டுக்கு முன்னால் உண்ணாவிரதம். அவள் கல்யாணத்தன்று கூடத் தாலி கட்டின கையோடு ஒரு பேச்சுவார்த்தைக்கு ஓடினேன். அவளுக்கென்று இந்தக் கை எதையும் செய்ததில்லை. ஷெட்டில் லைட் போட்டு முடித்த அன்று பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்கிறாள்: "எங்கப்பா எனக்குன்னு செஞ்ச மொத வேலை, பாருங்க்கா." நான் ஏணியை மடிப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

மாப்பிள்ளை கிரிதரன் கெட்டவர் இல்லை. பம்ப் கம்பெனியில் பர்சனல் டிபார்ட்மெண்ட். அதாவது நான் வாழ்நாள் முழுக்க யாரை எதிர்த்து நோட்டீஸ் போட்டேனோ அந்த நாற்காலி. சுருட்டிய புது ஒயர் இரண்டு காயிலும் பிளாஸ்டிக் பைப்பும் வாங்கி வைத்திருந்தார். நான் அதைப் பிரிக்கவே இல்லை. என்னிடம் ஒயர் இருந்தது.

மில் ஒயர், தம்பி. மில்லை மூடியபோது எங்களுக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழ். 'நன்னடத்தையுடன் பணிபுரிந்தார்.' நான் அதைக் கேட்டிலேயே கிழித்துப் போட்டேன். அன்றைக்கு ஸ்டோரிலிருந்து சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, இரண்டு காயிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வாட்ச்மேன் முன்னாலேயே நடந்து வந்தேன். திருடினேன் என்று சொல்லாதீர்கள். அந்த மில்லில் முப்பத்திரண்டு வருடம் ஒயர்மேனாக இருந்தவன் நான். இப்போது அங்கே பன்னிரண்டு மாடி அபார்ட்மென்ட் நிற்கிறது. அந்த மில்லில் மிச்சம் இருப்பது அந்த இரண்டு காயில்தான். இருபத்தொரு வருடம் என் வீட்டுச் சமையலறைப் பரணில், அடுப்புக்கு நேர் மேலே, பத்திரமாக இருந்தது.

அந்தக் காலத்துச் சரக்கு. வளைத்தால் பொரி நொறுங்குவதுபோல ஒரு சத்தம் கொடுக்கும். இப்போது வருகிற ஒயர் மாதிரி சவசவவென்று இருக்காது. ஒன்றிரண்டு இடத்தில் தோல் உதிர்ந்தது. டேப் சுற்றினேன். பைப்பும் போடவில்லை. மில்லில் நாங்கள் ஆங்கிளோடு சேர்த்துக் கட்டித்தான் ஓட்டுவோம். மறைத்து வைப்பது முதலாளி வேலை. ஒயர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், எங்கிருந்து எங்கே போகிறது என்று தொழிலாளிக்குத் தெரிய வேண்டும்.

என்ன? ஆமாம், இரும்பு ஆங்கிள்தான். அதனால்தான் டேப் சுற்றினேன் என்கிறேனே.

மலுமிச்சம்பட்டியா இது? மணி? ஒன்பதரை. அந்தப் பக்கம் பாருங்கள், ஆனைமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு நிற்கிறது. நேற்று வரைக்கும் மழை இல்லை. நான் வேலை செய்ததிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை அங்கே.

எல்லாம் மாட்டி முடித்து சுவிட்சைப் போட்டேன். நாலு பட்டியும் பளீரென்று எரிந்தது. வெண்மணி கை தட்டினாள். தட்டிய கை சேர்வதற்குள் 'டக்'. வீடு முழுக்க அணைந்துவிட்டது. டிரிப் சுவிட்ச் விழுந்துவிட்டது.

டிரிப் சுவிட்ச் தெரியுமல்லவா? கரண்ட் போகிற வழியை விட்டு இரும்பிலோ ஈரத்திலோ கசிந்தால், கண் இமைக்கும் முன்னால் மொத்தத்தையும் அணைத்துவிடும். மனிதன் மேல் பாயாமல் காப்பாற்றுகிறதாம். தூக்கிவிட்டேன். மறுபடி 'டக்'. ஐந்து தடவை. சமையலறையில் மிக்சி நின்றது, முன்னறையில் டி.வி. நின்றது. மாப்பிள்ளையின் அம்மா உள்ளேயிருந்து, "என்ன கண்ணு, சீரியல் போகுதே!" என்கிறார்.

மாப்பிள்ளை வந்தார். கையைக் கட்டிக்கொண்டு மேலே பார்த்தார். "மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. வேற ஆளை விட்டு ஒருக்கா பாத்துக்கலாமுங்களா? இப்பத்த வயரிங்கெல்லாம் வேற மாதிரி." மரியாதையாகத்தான் சொன்னார். பர்சனல் டிபார்ட்மெண்டில் ஆளை வீட்டுக்கு அனுப்பும்போதும் அந்தக் குரலில்தான் சொல்வார்கள். நான் கேட்டிருக்கிறேன்.

"மத்தியானத்துக்குள்ள சரியாயிரும், மாப்பிள்ளை. நீங்க ஆபீஸ் போங்க" என்றேன்.

சரி செய்தேன். மெயினுக்கும் டிரிப் சுவிட்சுக்கும் நடுவிலேயே கை வைத்து, அதைத் தொடாமல் ஷெட்டுக்கு நேராக லைன் கொடுத்துவிட்டேன். ஒரு முழம் ஒயர்தான். அதே சிவப்பு. அதற்கப்புறம் விழவே இல்லை. எப்படி விழும்? சாயங்காலம் மாப்பிள்ளை வந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்தார், அணைத்துப் பார்த்தார், மறுபடி போட்டுப் பார்த்தார். "என்ன பண்ணுனீங்க மாமா?" என்றார். "அனுபவம்" என்றேன்.

அந்த டிரிப் சுவிட்ச் கம்பெனிக்காரன் செய்கிற தந்திரம், தம்பி. பயத்தை விற்கிறான். நாங்கள் இதெல்லாம் இல்லாமலா முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தோம்?

யாரும் சாகவில்லையா என்கிறீர்களா? அது வேறு. ஆறுக்குட்டி விஷயம் வேறு. அவனைப் பற்றி இன்றைக்கு மேடையில் பேசப் போகிறேன், அதனால் உங்களுக்கும் சொல்கிறேன். பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங்கில் வேலை பார்த்தான், இருபத்தேழு வயது. அந்த மெஷினுக்கு ஒரு ரிலே இருந்தது. பாடியில் கரண்ட் கசிந்தால் மெஷின் நின்றுவிடும். அது நின்றுகொண்டே இருந்தது. உற்பத்தி குறைகிறது என்று இன்ஜினியர் என்ன செய்தான் தெரியுமா? ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே கட்டி ரிலேயை ஊமையாக்கிவிட்டான். அதற்கப்புறம் மெஷின் நிற்கவில்லை. நாலாம் நாள் முதல் ஷிப்டில் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஆறுக்குட்டி மெஷின் மேல் கை வைத்தான்.

அந்த ஒயரைக் கண்டுபிடித்தவன் நான். கேட் மீட்டிங்கில் ஆயிரத்து நானூறு பேருக்கு முன்னால் தூக்கிப் பிடித்தேன். 'கட்டிய கை யாருடைய கை?' அதுதான் நோட்டீசின் தலைப்பு. நாற்பத்து மூன்று நாள் வேலைநிறுத்தம். இன்ஜினியர் ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டே போனான். பைக்குள் தீப்பெட்டி இருக்கிறது, திறந்து பாருங்கள். பயப்படாதீர்கள், ஒயர்தான். அதே துண்டு. மேடையில் காட்டுவதற்காக எடுத்து வந்தேன். பெண் தொழிலாளிகளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா, எப்பேர்ப்பட்ட...

ஏன் மூடிவிட்டீர்கள்? கொடுங்கள்.

கிணத்துக்கடவு வந்துவிட்டது. பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டது பாருங்கள். கண்ணாடியை இறக்குங்கள்.

ஆமாம், இடையில் ஒன்றிரண்டு விஷயம் நடந்தது. மறைக்கவில்லை. போன மாதம் போனில் வெண்மணி சொன்னாள்: "அப்பா, ஷட்டரைத் தூக்கறப்ப கை சுரீர்ங்குதுப்பா."

"சுரீர்னா?"

"எறும்பு கடிச்சாப்ல."

"வெறுங்காலோட நின்னியா?"

"ஆமாப்பா."

"செருப்பு போட்டுக்கிட்டுத் தூக்கு, கண்ணு. வெயில் காலத்துல இரும்புல அப்படித்தான் இருக்கும்."

அவர்கள் வீட்டு நாய் ஷெட்டில்தான் படுத்துக்கொள்ளும். இப்போது அந்தப் பக்கமே போவதில்லையாம். தூணைப் பார்த்துக் குரைக்கிறதாம். இரண்டு அணில் ஷெட் ஓரத்தில் செத்துக் கிடந்ததாம். பக்கத்துத் தோப்புக்காரன் எலி மருந்து வைக்கிறவன் என்று அவளிடமே சொன்னேன். அவளும் சரி என்றாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "அவரு ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து சும்மா பாக்கச் சொல்லலாமுங்கறாரு. கூப்பிடட்டுமாப்பா?"

"என் லைன் மேல வேற எவன் கையாவது பட்டா, நான் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றேன்.

"சரிப்பா. யாரையும் கூப்பிட மாட்டேன். இது எங்கப்பா போட்டது" என்றாள். அவள் என் மகள். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். மாப்பிள்ளையிடம் சண்டை போட்டே தடுத்திருக்கிறாள்.

நீங்கள் ஏன் இத்தனை தடவை மணி பார்க்கிறீர்கள்? உங்களுக்கா விழா?

போன் பண்ணச் சொல்கிறீர்கள். பண்ணுகிறேன். அதில் என்ன இருக்கிறது.

"வெண்மணி... ஆமா, கெணத்துக்கடவு தாண்டிட்டேன். மழையில வண்டி ஊருது... வந்துட்டாங்களா எல்லாரும்? சரி சரி... ஷெட்டைக் கழுவி விட்டியா? ...ஓ... சாரல் உள்ள வருதா? ...இல்ல, சும்மா கேட்டேன். செருப்பு போட்டுக்கோ... அட, விளக்கு உள்ளதான இருக்கு, ஷட்டரு வெளியதான... சரி. சரி கண்ணு. வந்துர்றேன்."

எல்லாம் நன்றாக இருக்கிறது. காலையிலேயே ஷெட்டைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டார்களாம். தரை இன்னும் காயவில்லையாம். மழைத் தண்ணீர் வேறு ஷட்டரடியில் ஓடுகிறதாம். ஆறு பெண்களும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வரிசையாக நிற்கிறார்களாம். ஷட்டரைத் தூக்கினால் நேரே குத்துவிளக்கு. சாமி முன்னால் செருப்பா என்று சிரிக்கிறாள். நான் வரத் தாமதமானால் பத்தேகாலுக்கு அவளே தூக்கிவிடுவாளாம். அத்தை அவசரப்படுத்துகிறாராம்.

சரி என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

என்ன சொன்னீர்கள்? திரும்பச் சொல்லுங்கள்.

அந்த இன்ஜினியரும் நானும் ஒன்றா? தம்பி, நீங்கள் நேற்றுப் பிறந்தவர். அவன் உற்பத்திக்காகக் கட்டினான். முதலாளியிடம் நல்ல பெயர் வாங்கக் கட்டினான். மெஷின் நிற்கிறதே, மேலே இருக்கிறவன் முகத்தைச் சுளிக்கிறானே, தன் வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே என்று... அந்த அவமானத்துக்குப் பயந்து கட்டினான். நான் என் மகளுக்காக...

வண்டி ஏன் நிற்கிறது? நடத்துனர்! ஏனுங்க, என்னாச்சுங்க?

லாரி சாய்ந்து கிடக்கிறதாம். கோவில்பாளையம் வரைக்கும் வரிசையாம். மணி? பத்து மூன்று. இங்கிருந்து பத்தேகாலுக்குப் போக முடியாது.

மெயினை இறக்கிவிட்டுத் தூக்கச் சொன்னால் போதும் என்கிறீர்கள். தெரியும். உங்களுக்கு முன்னால் எனக்குத் தெரியும். மெயினை இறக்கினால் ஷெட்டில் கரண்ட் செத்துவிடும். ஒரு குச்சியால் தட்டினால் போதும். ஆனால் அங்கே எல்லோரும் நிற்கிறார்கள், தம்பி. மாப்பிள்ளை நிற்பார், அவர் அம்மா நிற்பார், அந்த ஆறு பெண்கள் நிற்பார்கள். கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாரே, அந்த ஆள்கூட வந்திருப்பான் வேடிக்கை பார்க்க. 'அப்பா மெயினை எறக்கச் சொல்றாரு.' 'ஏன்?' அந்த 'ஏன்' என்கிறது, அதற்கு நான் என்ன பதில் சொல்வது? திறப்பாளர் தோழர் மருதாசலம் என்ன பதில் சொல்வார்?

ஒரு மாதமாக வெயில். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லையே.

டேப் ஈரத்தில் பிடிக்காது. அது எனக்குத் தெரியும். தகரத்தில் ஆணி அடித்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் ஆங்கிளில்தான் ஓடும். ஆங்கிளிலிருந்து தூண். தூணிலிருந்து ஷட்டர்.

மணி?

தம்பி, இந்தாருங்கள் போன். நீங்கள் பேசுங்கள். மகள் நம்பர்தான், மேலே முதலில் இருக்கிறது. நான் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டாம். மின்வாரியத்திலிருந்து பேசுகிறேன் என்று சொல்லுங்கள். மழையில் லைனில் கோளாறு, அந்தத் தெரு முழுக்க உடனே மெயினை இறக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அதிகாரமாகச் சொல்லுங்கள். கேட்டுக்கொள்வாள். என் பெயர் வேண்டாம். என் பெயர் மட்டும் வேண்டாம்.

இது என் நம்பர் என்று அவளுக்குத் தெரிந்துவிடும் என்கிறீர்களா? ஆமாம்... ஆமாம், 'அப்பா' என்றுதான் வரும். அப்படியானால் உங்கள் போனிலிருந்து பண்ணுங்கள். சீக்கிரம். ஒன்பது, ஒன்பது, நாலு... இதோ, நீங்களே பார்த்துப் போடுங்கள்.

போகிறதா? மணி போகிறதா?

எடுப்பாள். கையில் ஆரத்தித் தட்டு இருக்கும். புது நம்பர் என்றால் கொஞ்சம் யோசிப்பாள். மணி எவ்வளவு, பத்து பன்னிரண்டா, பதிமூன்றா? என் போனிலிருந்தும் பண்ணுகிறேன். நானே சொல்லிவிடுகிறேன். 'நான் கட்டினேன், கண்ணு, தொடாதே' என்று நானே...

இதுவும் போகிறது. எடுக்கவில்லை.

நீங்கள் வைத்துவிடாதீர்கள், தம்பி. மணி போய்க்கொண்டுதானே இருக்கிறது? வைத்துவிடாதீர்கள்.